மின்தூண்டல் மட்டும் போதுமா? பக்கவாதத்துக்குப் பின் நெடுநாள் நீடிக்கும் பேச்சிழப்பு

கேள்வி: வாசகி ஒருவர், ஜூன் 3

என் கணவருக்கு வயது 58. மூளையின் இடப்பக்கத்தில் இரத்த அடைப்பு ஏற்பட்டுப் பக்கவாதம் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வலது கை ஓரளவு தேறிவிட்டது, பேச்சு திரும்பவில்லை. நாங்கள் சொல்வது பெரும்பாலும் அவருக்கு விளங்குகிறது. ஆனால் அவர் வாயிலிருந்து 'ஆமா', 'வேண்டாம்', 'அது வந்து' ஆகிய மூன்றைத் தவிர வேறு எதுவும் வருவதில்லை. ஓராண்டு தாண்டிவிட்டால் பேச்சு வராது என்று ஒரு மருத்துவர் சொல்லிவிட்டார். இப்போது ஒரு தனியார் மையத்தில், தலையில் மெல்லிய மின்சாரம் செலுத்திப் பதினைந்து அமர்வுகளில் பேச வைத்துவிடுவோம் என்றும், பேச்சுப் பயிற்சி தனியாகத் தேவையில்லை என்றும் சொல்கிறார்கள். நகையை அடகு வைத்தாவது இதைச் செய்யலாமா?

ஜூன் 3, இரவு

நகையை அடகு வைக்க வேண்டாம் அம்மா. மின்தூண்டல் ஏமாற்று வேலை என்பதால் இதைச் சொல்லவில்லை. நம்பத்தகுந்த ஆய்வுகளில் அது பேச்சுப் பயிற்சிக்குத் துணையாகவே கொடுக்கப்பட்டிருக்கிறது. பயிற்சி தேவையில்லை என்று ஒரு மையம் சொல்லுமானால், தாங்கள் விற்கும் சிகிச்சையைப் பற்றி அவர்களுக்கே தெரியவில்லை என்று கொள்ளலாம்.

என் அப்பாவுக்கும் இதே நோய்தான். அரசுப் பேருந்தில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்துக்குப் பிறகு நெடுநாள் வரை அவரிடம் எஞ்சியிருந்த ஒரே சொல் 'ரைட்'. பசித்தாலும் ரைட், வலித்தாலும் ரைட், என் மகளைக் கூப்பிடுவதும் ரைட். அவருக்கு மின்தூண்டலும் பேச்சுப் பயிற்சியும் சேர்த்தே கிடைத்தன. அதனால் இந்தக் கேள்விக்கு ஓரிரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போக என்னால் முடியாது. வேலைக்கு நடுவே நேரம் கிடைக்கும்போதெல்லாம் இங்கே தொடர்ந்து எழுதுகிறேன்.

ஜூன் 5

முதலில் மின்சாரம் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். இதை ஆங்கில எழுத்துகளைச் சுருக்கி டி.டி.சி.எஸ். என்கிறார்கள். தலையோட்டைத் திறக்காமல், தோலின் மேல் இரண்டு மின்முனைகளை வைத்து, ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டத்தை 1 அல்லது 2 மில்லி ஆம்பியர் அளவில் சுமார் 20 நிமிடம் செலுத்துவார்கள். மனநோய்க்குக் கொடுக்கப்படும் அதிர்ச்சி சிகிச்சைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நோயாளி விழித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், மயக்க மருந்தும் கிடையாது.

இவ்வளவு சிறிய மின்னோட்டத்தில் பெரும்பகுதி தோல் வழியாகவே ஓடி மறுமுனைக்குப் போய்விடுகிறது. மூளைக்குள் நுழையும் மிச்சம் எந்த நரம்பணுவையும் தானாக இயக்கிவிடாது, அணுவின் ஓய்வுநிலை மின்னழுத்தத்தைச் சற்றே நகர்த்தும், அவ்வளவுதான். நேர்முனையின் கீழே உள்ள அணுக்கள் கொஞ்சம் எளிதில் இயங்கத் தயாராகின்றன, எதிர்முனையின் கீழே உள்ளவை கொஞ்சம் மந்தமாகின்றன. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் மிஷேல் நிட்ஷேயும் வால்டர் பவுலுஸும் 2000ஆம் ஆண்டில் இதை மனிதர்களின் இயக்கப் புறணியில், அதாவது கை, கால் அசைவை நடத்தும் மூளைப் பகுதியில், அளந்து காட்டினார்கள். அடுத்த ஆண்டே, 13 நிமிடம் செலுத்தினால் அதன் தாக்கம் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் ஒன்றரை மணி நேரம் வரை நீடிக்கிறது என்பதையும் காட்டினார்கள்.

எளிதில் இயங்கத் தயாராக இருக்கும் அணுக்களுக்கு அந்த நேரத்தில் ஒரு வேலை கொடுக்க வேண்டும். பேச்சுக்கான வேலையே கொடுக்காமல் நோயாளியைச் சுவரைப் பார்த்தபடி இருபது நிமிடம் உட்கார வைத்தால், அந்தத் தயார்நிலை எதற்குப் பயன்படும்?

ஜூன் 5, சற்று நேரம் கழித்து

வேறொருவர் இடையில் வந்து, 2008இல் மிலானில் நடந்த ஆய்வில் பயிற்சி இல்லாமலே பலன் கிடைத்ததே என்று எழுதியிருக்கிறார். மொந்தியும் அவருடைய குழுவினரும் செய்ததைச் சொல்கிறார். ஆம், அப்படி ஓர் ஆய்வு உண்டு. அதில் பங்கேற்றவர்கள் எட்டுப் பேர். தூண்டல் முடிந்த உடனே படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் திறன் சற்றுக் கூடியதா என்றுதான் அதில் பார்த்தார்கள். அதிலும் பலன் தந்தது மந்தப்படுத்தும் எதிர்முனை. பின்னால் வந்த ஆய்வுகள் பலவும் நேர்முனையைப் பயன்படுத்தின. எட்டுப் பேரிடம் அன்றைக்கே பார்த்த ஒரு மாற்றத்தை வைத்துக்கொண்டு, பதினைந்து அமர்வுகளில் பேச வைத்துவிடுவோம் என்று ஒரு குடும்பத்திடம் எப்படிச் சொல்ல முடியும்?

ஜூன் 8

இந்தப் 'பதினைந்து அமர்வு' எங்கிருந்து வந்திருக்கும் என்பதை ஊகிக்க முடிகிறது. அமெரிக்காவில் தென் கரோலினா பல்கலைக்கழகத்தின் ஜூலியஸ் ஃபிரிட்ரிக்சன் தலைமையில் நடந்து 2018இல் வெளியான ஆய்விலும் இதே எண்ணிக்கைதான். இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டும் ஆய்வு அது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பக்கவாதம் வந்து ஆறு மாதம் கடந்தும் பேச்சிழப்பு நீடித்த 74 பேர் அதில் பங்கேற்றார்கள். 34 பேருக்கு உண்மையான மின்தூண்டல், 40 பேருக்குப் போலித் தூண்டல். போலித் தூண்டலிலும் கருவியைத் தலையில் கட்டுவார்கள். தொடக்கத்தில் சிறிது நேரம் மின்சாரம் ஓடித் தோல் அரிக்கும், பிறகு சத்தமில்லாமல் நின்றுவிடும். தமக்குக் கிடைப்பது எது என்று நோயாளிக்குத் தெரியாது. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் மூன்று வாரம், நாளொன்றுக்கு 45 நிமிடப் பயிற்சி. அதில் 20 நிமிடம் 1 மில்லி ஆம்பியர். முக்கியமான செய்தி என்னவென்றால், இரண்டு குழுவினருக்கும் பயிற்சி உண்டு. கணினித் திரையில் ஒரு படம் வரும். அடுத்து ஒருவருடைய வாய் மட்டும் தெரியும் காணொளியில் ஒரு பெயர் சொல்லப்படும். படமும் பெயரும் பொருந்துகின்றனவா இல்லையா என்று பொத்தானை அழுத்த வேண்டும்.

பயிற்சி முடிந்து ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, சரியாகச் சொன்ன பெயர்கள் மின்தூண்டல் பெற்றவர்களிடம் சராசரியாக 13.9 கூடியிருந்தன. போலித் தூண்டல் பெற்றவர்களிடம் 8.2 கூடியிருந்தன.

விளம்பரக்காரர்கள் 13.9ஐ மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்த 8.2 முக்கியமாகப் படுகிறது. மின்சாரமே இல்லாமல், பக்கவாதம் வந்து மாதங்களும் ஆண்டுகளும் கடந்தவர்களிடம், மூன்று வாரப் பயிற்சி கொண்டுவந்த முன்னேற்றம் அது. அதற்கு மேல் மின்சாரம் சேர்த்தது ஐந்தாறு சொற்கள்.

ஜூன் 9

"70 சதவீதம் கூடுதல் பலன் என்று படித்தேனே, நீங்கள் ஏன் குறைத்துச் சொல்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்கிறார்.

8.2இலிருந்து 13.9 என்பது கணக்குப்படி 70 சதவீதம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆய்வு எந்தக் கேள்விக்காக வடிவமைக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 'இந்தச் சிகிச்சை வேலை செய்கிறது என்று நிறுவிவிட்டோமா' என்பது அதன் கேள்வி அல்ல. 'பெரிய ஆய்வுக்குச் செலவிடாமல் இந்த வழியைக் கைவிட்டுவிடலாமா' என்பதுதான் கேள்வி. கைவிட வேண்டியதில்லை என்ற விடை கிடைத்தது. மேற்கொண்டு ஆராயலாம் என்பதற்கும் ஊர் ஊராக மையம் திறந்து காசு வாங்கலாம் என்பதற்கும் நடுவே நெடுந்தூரம் இருக்கிறது.

ஜூன் 12

வாசகிக்குச் சொல்லப்பட்ட "ஓராண்டு தாண்டிவிட்டால் வராது" என்ற சொல் எத்தனை வீடுகளில் பயிற்சியை நிறுத்தியிருக்கும் என்பதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. எங்கள் வீட்டிலும் அதைச் சொன்னார்கள். அம்மா அதை நம்பி, பட அட்டைகளைப் பரணில் போட்டுவிட்டார்.

முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு வேகம் குறையும். இது உண்மை. ஆனால் கதவு அடைபட்டுவிடுவதில்லை. ஜெர்மனியில் 19 மறுவாழ்வு மையங்களில் காட்டரினா பிரைட்டன்ஸ்டைன் தலைமையில் நடந்து 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு இதற்குச் சான்று. ஆறு மாதமோ அதற்கு மேலோ பேச்சிழப்போடு இருந்த 156 பேரின் முடிவுகள் அதில் கணக்கிடப்பட்டன. வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் வீதம் மூன்று வாரத் தீவிரப் பேச்சுப் பயிற்சியைப் பாதிப் பேருக்கு உடனே கொடுத்தார்கள். மற்றவர்களை மூன்று வாரம் காத்திருக்க வைத்து, அதன் பிறகு கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்களின் அன்றாட உரையாடல் திறன் முன்னேறியது. காத்திருந்தவர்களிடம் அந்த மூன்று வாரத்தில் மாற்றம் இல்லை. அங்கே மின்சாரம், காந்தம், மருந்து எதுவுமே இல்லை. நோயாளியும் பயிற்சியாளரும் எதிரெதிரே உட்கார்ந்து செலவிட்ட மணி நேரங்கள்தான் இருந்தன.

வாரத்துக்குப் பத்து மணி நேரம். நம்மூரில் பலருக்குக் கிடைப்பது வாரத்துக்கு ஒரு முறை, அரை மணி நேரம். அதற்கும் இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். கருவி இருக்கிறதா என்று விசாரிக்கும் முன், இத்தனை மணி நேரத்தை எப்படித் திரட்டுவது என்று ஒரு குடும்பம் யோசித்தால் நல்லது.

ஜூன் 15

அப்பாவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்.

நாகர்கோவில் – திருநெல்வேலித் தடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு மாலை, தொலைக்காட்சியில் ஏதோ பேருந்து ஓடுவதைப் பார்த்துவிட்டு, தோவாளை, ஆரல்வாய்மொழி, காவல்கிணறு, பணகுடி, வள்ளியூர், நாங்குநேரி என்று பழைய இராகத்தோடு வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். அம்மா அழுதுவிட்டார். பேச்சு வந்துவிட்டது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். பிறகு, "அத்தை எந்த ஊருல இருக்காவ?" என்று கேட்டேன். அத்தை இருப்பது வள்ளியூரில். அந்தப் பெயரை ஒரு நிமிடத்துக்கு முன்புதான் சொல்லியிருந்தார். கையை நீட்டினார், உதட்டைக் கடித்தார், கண் கலங்கியது. 'ரைட்' என்றார்.

இது இந்த நோயின் இயல்பு என்று பேச்சுப் பயிற்சியாளர் பின்னர் விளக்கினார். எண்கள், கிழமைகள், மனப்பாடப் பாடல், வசைச்சொல் போன்று வரிசையாகவோ பழக்கமாகவோ தானே வருபவை பலருக்குத் தப்பிப் பிழைக்கின்றன. சொல்ல நினைத்து, தேடி எடுத்துச் சொல்ல வேண்டிய பேச்சுதான் முடங்குகிறது. அதனால் ஒரு மையத்தில் உங்கள் கணவரை ஒன்று முதல் பத்து வரை சொல்ல வைத்துக் காணொளி எடுத்துக் காட்டினால், அதைப் பேச்சு திரும்பியதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மின்தூண்டல் அமர்வு எப்படி இருக்கும் என்பதையும் நான் பார்த்தபடி எழுதுகிறேன். உள்ளங்கையைவிடச் சிறிய, ஐந்து சென்டிமீட்டர் சதுரப் பஞ்சு உறை இரண்டு. அவற்றை உப்புநீரில் நனைத்துப் பிழிவதில் கருவியைப் பொருத்தும் பெண் அவ்வளவு கவனம் காட்டுவார். ஈரம் மிஞ்சினால் நீர் வழிந்து மின்சாரம் பரவிவிடும், ஈரம் குறைந்தால் தோல் சுரீரென்று எரியும். தலைமுடியை வகிடெடுத்து விலக்கி, பஞ்சைத் தோலோடு படிய வைத்து, இரப்பர் பட்டையால் கட்டுவார். மின்சாரம் மெதுவாக ஏறும்போது அப்பா நெற்றியைச் சொறியக் கையைத் தூக்குவார். அரிப்பு அடங்கியதும் பயிற்சியாளர் முதல் அட்டையை எடுப்பார். கருவி தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்கும், அறையில் இருந்த மற்ற எல்லோருடைய கவனமும் அந்த அட்டையின் மேல்தான் இருக்கும்.

ஜூன் 15, இரவு

மேலே எழுதியதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். தொடக்கத்தில் எங்களுக்குக் கிடைத்த படங்கள் வெளிநாட்டுத் தேர்வுகளைப் பார்த்து எடுத்தவை. பாஸ்டன் பெயரிடல் தேர்வில் பனிவீடும் பீவர் என்ற நீர்விலங்கும் உண்டு. ஆரல்வாய்மொழிக் காற்றில் வளர்ந்த மனிதருக்குப் பனிவீட்டின் பெயர் நோய்க்கு முன்பே தெரியாது. பயிற்சியாளரே அதைப் புரிந்துகொண்டு, வீட்டிலிருந்து படம் எடுத்து வரச் சொன்னார். அரிவாள்மனை, தூக்குச்சட்டி, விசில், டிக்கெட் கட்டு, கொடிக்கயிறு, அம்மாவின் மூக்குக்கண்ணாடி எனப் பலவற்றையும் கைப்பேசியில் எடுத்து அட்டையாக்கினோம். 'விசில்' அவருக்கு மிக விரைவில் வந்த சொற்களில் ஒன்று.

ஜூன் 19

மின்முனையை எங்கே வைப்பது என்ற கேள்வி எளிதாகத் தோன்றும், ஆனால் சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. 1861இல் பாரிசின் பிசேத்ர் மருத்துவமனையில் பால் புரோக்கா பார்த்த லெபோர்ன் என்ற நோயாளியால் 'தான்' என்ற ஓர் அசையைத்தான் பெரும்பாலும் சொல்ல முடிந்தது. அவர் இறந்த பின் மூளையை ஆராய்ந்த புரோக்கா, இடது முன்மடலின் ஒரு பகுதியைப் பேச்சின் இருப்பிடமாகக் குறித்தார். அந்தப் பகுதிக்கு இன்றும் அவர் பெயர்தான். அந்த மூளை பாதுகாக்கப்பட்டிருந்ததால், நினா டிரோங்கர்ஸ் குழுவினர் அதை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2007இல் எழுதினார்கள். சேதம் மேற்பரப்பில் நின்றுவிடவில்லை, ஆழத்தில் ஓடும் நரம்பிழைக் கற்றைகளையும் தின்றிருந்தது.

ஆகவே, 'பேச்சு மையம்' என்று படத்தில் குறித்த இடத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரியாகப் பஞ்சை வைப்பது போதாது. உங்கள் கணவருக்கு அந்த இடத்தில் உயிருள்ள திசுவே இல்லாமல் இருக்கலாம். இறந்த திசுவின் இடத்தை நீர் நிரப்பிக்கொள்கிறது. அது மின்சாரத்தை எளிதில் கடத்துவதால் ஓட்டத்தின் பாதையே மாறிவிடும். ஃபிரிட்ரிக்சன் குழுவினர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்ல வைத்து, மூளை இயங்குவதை ஸ்கேனில் பார்த்து, இடப்பக்கத்தில் எங்கே இயக்கம் மிகுந்திருந்ததோ அங்கே நேர்முனையை வைத்தார்கள். மார்கஸ் மைன்சர் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில் வேறு வழியைப் பிடித்தார்கள். பலருக்கும் ஓரளவு தப்பியிருக்கும் இடது இயக்கப் புறணியின் மேல் வைத்தார்கள். அதில் 26 பேர், எட்டு நாள், நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் வீதம் இரண்டு வேளை பெயர் சொல்லும் பயிற்சி. பயிற்சி முடிந்ததும், உண்மையான தூண்டல் பெற்றவர்களும் போலித் தூண்டல் பெற்றவர்களும் முன்னேறியிருந்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, மின்தூண்டல் பெற்றவர்களிடம் அந்தப் பலன் கூடுதலாக நிலைத்திருந்தது. கற்ற சொல் ஆறு மாதம் நிற்குமானால், ஒரு குடும்பத்துக்கு அது பெரிய விஷயம்.

அந்த மையத்தில் கேளுங்கள்: என் கணவரின் ஸ்கேனை யார் பார்த்தார்? எந்த இடத்தில் வைக்கப் போகிறீர்கள், ஏன் அந்த இடம்? விடை வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஜூன் 20

காந்தத் தூண்டல் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. அது வேறு கருவி. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோனி பார்க்கர் அறிமுகப்படுத்தினார். தலையருகே வைக்கும் கம்பிச்சுருளிலிருந்து வரும் காந்தத் துடிப்பு நரம்பணுக்களை உண்மையிலேயே இயக்க வல்லது. மனச்சோர்வுக்கு அமெரிக்காவில் 2008இல் இதற்கு அனுமதி கிடைத்தது. பேச்சிழப்பில், மார்கரெட் நேசர் 2005இல் நான்கு நோயாளிகளிடம் மூளையின் வலப்பக்கத்தை மெதுவான துடிப்புகளால் அடக்கிப் பார்த்தார், பெயர் சொல்லும் திறன் கூடியது. இடப்பக்கம் சேதமானதும் வலப்பக்கம் உதவிக்கு வருகிறதா, குறுக்கே நிற்கிறதா என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. இதில் வலிப்பு வரும் அபாயம் அரிதே என்றாலும் உண்டு. தலைக்குள் உலோகக் கிளிப் இருப்பவர்கள் இதன் அருகே போகக் கூடாது.

ஜூன் 24

இரவெல்லாம் யோசித்த ஒன்றை எழுதுகிறேன். "உங்கள் அப்பாவுக்குப் பலன் கொடுத்தது மின்சாரமா, பயிற்சியா?" என்று தனிச்செய்தியில் மூன்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள்.

ஒரு மனிதரிடம் இதைப் பிரித்துச் சொல்ல வழியே இல்லை. அவருக்கு இரண்டும் சேர்ந்தே கிடைத்தன. போதாததற்கு, வீட்டில் எல்லோரும் அந்த வாரங்களில் புது நம்பிக்கையோடு அவரிடம் அதிகம் பேசினோம். பரணிலிருந்து அட்டைகள் இறங்கின. அத்தை வள்ளியூரிலிருந்து வந்து தங்கினார். இவை எல்லாமே சிகிச்சைதான். எங்கள் அனுபவத்தை எடுத்துக்காட்டி மின்தூண்டல் பலிக்கும் என்று யாராவது வாதாடினால், அதை நான் ஏற்க மாட்டேன். போலித் தூண்டலோடு ஒப்பிட்ட ஆய்வுகளைத்தான் நம்ப வேண்டும்.

அந்த ஆய்வுகளை மொத்தமாகத் திரட்டிப் பார்த்த, காக்ரேன் என்ற அமைப்பின் மதிப்பாய்வு 2019இல் வந்தது. எல்ஸ்னரும் அவருடைய குழுவினரும் செய்தது. 21 ஆய்வுகள், 421 பேர். அன்றாட உரையாடல் திறன் மின்தூண்டலால் மேம்படுகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. பொருள்களின் பெயர் சொல்வதில் பலன் இருக்கலாம், வினைச்சொற்களில் பலன் தெரியவில்லை. 2018ஆம் ஆண்டின் நம்பிக்கையூட்டும் எண்களைப் படிக்கிறவர்கள் இதையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

இன்னொரு செய்தியும் உண்டு. பி.டி.என்.எஃப். என்ற நரம்பு வளர்ச்சிப் புரதத்தின் மரபணு எல்லோருக்கும் ஒரே வடிவில் இருப்பதில்லை. தென் கரோலினாவில் பங்கேற்றவர்களை அந்த மரபணுவின்படி பிரித்துப் பார்த்தபோது, ஒரு வடிவம் கொண்டவர்களிடம் மின்தூண்டலின் பலன் தெளிவாகத் தெரிந்தது, மற்றவர்களிடம் அப்படித் தெரியவில்லை. ஒருவருக்குப் பலித்தது பக்கத்து வீட்டுக்காரருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஜூன் 25

வினைச்சொல் பற்றி மேலே ஒரு வரியில் எழுதிவிட்டுப் போனேன், அதை அப்படியே விட மனம் வரவில்லை. பெரும்பாலான ஆய்வுகள் பொருள்களின் பெயரையே அளக்கின்றன, ஏனென்றால் படம் காட்டிக் கேட்பது எளிது. ஆனால் தமிழில் ஒரு வினைமுற்று முழு வாக்கியமாக நிற்கும். 'வந்தாங்க' என்ற ஒன்றில் யார், எப்போது, எத்தனை பேர், என்ன மரியாதை என்பதெல்லாம் அடங்கிவிடுகிறது. நூறு பொருள்களின் பெயர் தெரிந்து ஒரு வினையும் வராத மனிதரால் தமக்கு என்ன வேண்டும் என்று சொல்ல முடியாது. தண்ணீர் என்றால், குடிக்கவா, கை கழுவவா, குழாயை மூடச் சொல்கிறாரா?

அதனால் எங்கள் பயிற்சியாளர் பெயர் அட்டைகளோடு நிறுத்தவில்லை. 'குடு', 'மூடு', 'வா', 'போதும்', 'வலிக்கு' போன்றவற்றைச் செய்கையோடு சேர்த்துப் பழக்கினார். 2001இல் பிரீட்மான் புல்வர்முல்லர் குழுவினர் வெளியிட்ட சீட்டாட்ட முறையையும் ஆடினோம். நடுவே ஒரு தடுப்பு இருக்கும். ஒருவர் கையில் இருக்கும் அட்டை மற்றவருக்குத் தெரியாது. தமக்கு வேண்டிய அட்டையை வாயால் கேட்டுத்தான் வாங்க வேண்டும், சைகைக்கு அனுமதி இல்லை. அவர்கள் பத்து நாள், நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆட வைத்தார்கள். அப்பாவால் அவ்வளவு நேரம் முடியவில்லை, களைத்துப் போவார். ஆனால் பேத்தியோடு ஆடும்போது நேரம் போவது அவருக்கே தெரியாது. ஒரு நாள் அவள் அட்டையைத் தர மறுத்தபோது, "குடு ளா" என்றார். அதட்டல், மரியாதையின்மை, உரிமை எல்லாம் அதில் இருந்தன. வீடே சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஜூன் 28

இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கருவி கிடைக்கிறதே, வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்கிறார். வேண்டாம். 2016இல் இந்தத் துறை ஆய்வாளர்களே, தாமாக வீட்டில் செய்துகொள்பவர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதி எச்சரித்தார்கள். முனையைச் சிறிது நகர்த்தினாலும், மின்சாரம் ஓடும்போது நோயாளி என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது மாறினாலும், விளைவு மாறலாம் என்பது அவர்கள் சொன்னவற்றில் ஒன்று. பஞ்சு காய்ந்தால் தோல் புண்ணாகும். மூளை வீக்கத்துக்காகத் தலையோட்டு எலும்பை எடுத்தவர்களுக்கு அந்த இடத்தில் மின்சாரம் அதிகமாக உள்ளே போகும். வலிப்பு வந்தவர்கள், உடலுக்குள் மின்கருவி பொருத்தப்பட்டவர்கள் நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடக் கூடாது.

ஜூலை 2

வாசகி எழுதியிருக்கிறார். மையத்துக்குப் பணம் கட்டவில்லை. இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரைக் கண்டுபிடித்து, வாரத்தில் மூன்று நாள் போகத் தொடங்கியிருக்கிறார்கள். மிக்க மகிழ்ச்சி. பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபார்த்தது நல்ல காரியம். பின்னால் ஏதேனும் மருத்துவமனையிலோ ஆய்விலோ மின்தூண்டலும் பயிற்சியும் சேர்த்துக் கொடுக்கும் வாய்ப்பு வந்தால், இந்தப் பயிற்சியாளரையும் கலந்துகொண்டு போங்கள். பயிற்சியைத் தொடங்காமல் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

மற்ற நாட்களில் வீட்டில் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். எங்களுக்குச் சொல்லித் தந்ததை எழுதுகிறேன். ஒரு வேளைக்குப் பத்துப் பன்னிரண்டு அட்டைகள் போதும், நாளுக்கு இரண்டு மூன்று வேளை. தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். அட்டையைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். பத்து நொடி என்பது வீட்டாருக்குத் தாங்க முடியாத நீளம், ஆனாலும் பொறுத்திருங்கள். வராவிட்டால் அதை எதற்குப் பயன்படுத்துவோம் என்று சொல்லுங்கள். அப்போதும் வராவிட்டால் முதல் ஒலியை மட்டும் எடுத்துக்கொடுங்கள். கடைசியில்தான் முழுச் சொல், அதையும் அவர் உங்கள் உதட்டைப் பார்த்தபடி உங்களோடு சேர்ந்து சொல்லட்டும். வந்த சொல்லைக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேளுங்கள், மறுநாளும் கேளுங்கள். களைப்பு தெரிந்தால் நிறுத்திவிடுங்கள்.

வினைகளுக்கு நாங்கள் பயன்படுத்திய பட்டியல் அம்மாவின் நோட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன், படியெடுத்து இங்கேயே இடுகிறேன்.